பினாங்குக் கோப்பிக் கடையில் கோப்பி சொல்வது எப்படி?

மதுரையிலிருந்து வந்த சித்தியைப் பசியாற மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு சீனர் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனேன். "ஒரு காபி" என்றார். தடித்த பீங்கான் கோப்பை வந்தது, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு டின் பால். சித்திக்குச் சர்க்கரை நோய். ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் மேசை பிடித்து உட்காருங்கள். மீ, குவேத்தியாவ் போன்ற நூடுல்ஸ் விற்பவர்கள் தனித்தனி வியாபாரிகள். பானம் மட்டும் கடைக்காரருடையது. அவரே உங்களிடம் வருவார். சீனர் கடையில் "அங்கிள்", "ஆன்ட்டி" என்று கூப்பிடுங்கள். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் கடையில், "அண்ணே". பல கடைகளில் கோப்பை வந்ததுமே காசு கொடுக்க வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

2. அப்புறம் பால். எல்லாமே இதில்தான் இருக்கிறது. வெறும் "கோப்பி" என்றால் இனிப்பான டின் பால் போட்டது. "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, சீனி உண்டு. ஓ என்பது ஹொக்கியன் என்ற சீன மொழியில் கறுப்பு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சீனியும். தேநீருக்கும் இதே கணக்கு: தே, தே ஓ, தே சி.

3. இனிப்பு. "கூராங் மானிஸ்" என்றால் மலாயில் இனிப்பு குறைவு. "கோசோங்" என்றால் காலி, அதாவது சீனியே வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண கோப்பியில் பாலே இனிப்பு, அதனால் சீனியைக் குறைத்தும் பெரிய பலன் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் "கோப்பி ஓ கோசோங்" கேட்கலாம், பால் வேண்டுமென்றால் "கோப்பி சி கோசோங்". மறுநாள் காலை சித்தியே வாய்விட்டுச் சொன்னார்: "அங்கிள், கோப்பி சி கோசோங், சாத்து (ஒன்று)." அங்கிள் தலையாட்டிவிட்டுத் துணி வடிகட்டியிலிருந்து கறுப்புச் சாற்றை ஊற்றிக்கொண்டு வந்தார். சித்தி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

4. சூடாகத்தான் வரும். ஐஸ் வேண்டுமென்றால் ஹொக்கியனில் "பெங்", மலாயில் "ஐஸ்". கட்டிக்கொண்டு போக "புங்குஸ்" அல்லது "தாபாவ்". பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் போட்டு, கயிறு கட்டித் தருவார்கள்.

5. கடைசியில் எண்ணிக்கை: சாத்து ஒன்று, டுவா இரண்டு. "கோப்பி ஓ பெங், கூராங் மானிஸ், டுவா" என்று சேர்த்துச் சொன்னால் ஹொக்கியனும் மலாயும் ஒரே மூச்சில் வந்துவிடும். இங்கே எல்லாருமே இப்படிக் கலந்துதான் பேசுகிறோம், தயங்க வேண்டாம். கோப்பை வந்ததும் ஹொக்கியனில் "காம் சியா", அதாவது நன்றி, சொல்லிப் பாருங்கள், அங்கிள் முகம் மலர்ந்துவிடும்.

நம்மூர் பசும்பால் டீதான் வேண்டும் என்றால், லிட்டில் இந்தியா பக்கம் போய் "தே லெம்பு" கேளுங்கள். லெம்பு என்றால் மாடு. அங்கே பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம்.