மில் சர்டிபிகேட்டைப் பார்த்தே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அரிப்பைத் தாங்குமா என்று கணிப்பது எப்படி?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடோ குழாயோ வாங்கினால் கூடவே மில் டெஸ்ட் சர்டிபிகேட்டும் (தயாரித்த ஆலை தரும் சோதனைச் சான்றிதழ்) கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அந்த எண்களைக் கீழே சொல்கிற வரிசையில் பாருங்கள்.

படி 1: குரோமியம்

குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ். இந்தக் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலமாகப் படிகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும். மற்ற தனிமங்கள் இந்தப் படலத்துக்குத் துணையா, இடைஞ்சலா என்பதுதான் இனி நாம் பார்க்கப்போவது.

படி 2: கார்பன்

சரி, குரோமியம் போதுமான அளவு இருக்கிறது. அத்தனையும் வேலைக்கு வருமா? வெல்டிங் செய்யும்போது பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள உலோகம் சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சற்று நேரம் இருக்க நேரிடும். அப்போது கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு, உலோகத்தின் படிகமணிகளின் எல்லைகளில் கார்பைடாக ஒதுங்கும். அந்த எல்லையோரத்தில் குரோமியம் வற்றிப்போவதால், அரிப்பு அந்த வழியாகவே உள்ளே இறங்கும்.

வெல்டிங் வேலை என்றால் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாத 304எல், 316எல் வகைகளைப் பாருங்கள் (எண் ஸ்டீலின் வகையைக் குறிக்கும், எல் என்றால் கார்பன் குறைவு). இன்னொரு வழியும் உண்டு. 321இல் டைட்டேனியமும் 347இல் நியோபியமும் முந்திக்கொண்டு கார்பனைப் பிடித்துவிடும், குரோமியம் தப்பிக்கும். வெல்டிங்கே இல்லாத வேலைக்கு எல் வகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை.

படி 3: மாலிப்டினமும் நைட்ரஜனும், ஒரு சின்னக் கணக்கு

உப்புநீரிலுள்ள குளோரைடு படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். இதைத் தடுப்பதில் மாலிப்டினமும் நைட்ரஜனும் கெட்டிக்காரர்கள். எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது:

குரோமியம் + (3.3 × மாலிப்டினம்) + (16 × நைட்ரஜன்)

ஒரு 304 தகட்டில் குரோமியம் 18.2, நைட்ரஜன் 0.06 என்று வைத்துக்கொள்வோம். விடை சுமார் 19.2. ஒரு 316எல் தகட்டில் குரோமியம் 16.7, மாலிப்டினம் 2.05, நைட்ரஜன் 0.04 என்றால் சுமார் 24.1. குரோமியம் குறைவான தகடுதான் இங்கே முந்துகிறது! இரண்டு விதப் படிக அமைப்பு கலந்த 2205 டூப்ளெக்ஸ் வகைக்கு இது 35ஐ ஒட்டி வரும். தொடர்ந்து கடல்நீரில் கிடக்கும் பாகங்களுக்குப் பொதுவாக 40க்கு மேல் கேட்பார்கள்.

இது குழி அரிப்புக்கான ஒப்பீடு மட்டுமே. அமிலத் தொட்டிக்கு இதை வைத்து முடிவெடுத்தால் கோட்டை விட்டுவிடுவோம்.

படி 4: நிக்கல்

மேலே உள்ள சூத்திரத்தில் நிக்கலே இல்லை, கவனித்தீர்களா? அதன் முக்கிய வேலை உலோகத்தின் உள்ளமைப்பை ஆஸ்டினைட் என்ற படிக அமைப்பாக வைத்திருப்பது. வளைக்க, வெல்டிங் செய்ய வசதியாக இருப்பது அதனால்தான். சில அமிலங்களில் அரிப்பின் வேகத்தையும் நிக்கல் குறைக்கும். ஆனால் இழுவிசையும் சூடான குளோரைடும் சேர்ந்தால், 8 முதல் 10 சதவீதம் நிக்கல் உள்ள 304 போன்றவைதான் எளிதில் விரிசல் விடும். நிக்கல் இல்லாத, ஃபெரைட் என்ற வேறொரு படிக அமைப்புள்ள ஃபெரிட்டிக் வகைகள் இதில் எவ்வளவோ மேல்.

அப்புறம், காந்தச் சோதனை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 201இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, அரிப்பைத் தாங்குவதிலோ அது 304க்குக் கீழேதான். மாலிப்டினம் கலந்த 444இல் காந்தம் நன்றாகவே ஒட்டும், குழி அரிப்பில் அது 316க்கு ஏறக்குறைய ஈடு.

படி 5: சல்பரும் தாமிரமும்

லேத்தில் சுலபமாகக் கடைய 303இல் வேண்டுமென்றே 0.15 சதவீதமாவது சல்பர் சேர்க்கிறார்கள். அது மாங்கனீசோடு சேர்ந்து சல்பைடு துகள்களாகிறது, குழி அரிப்பு அங்கேதான் தொடங்கும். உப்புக்காற்று படும் இடத்தில் 303 போல்ட்டைப் போடாதீர்கள்.

கந்தக அமிலம் புழங்கும் இடமென்றால் தாமிரத்தையும் பாருங்கள். 904எல் வகையில் 1 முதல் 2 சதவீதம் தாமிரம் சேர்ப்பதே அதற்காகத்தான்.