மிஞ்சிய பலகார எண்ணெயில் சோப்பு: வீவக வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம்

முறுக்கு சுட்டு, வடை போட்டு, அப்பளம் பொரித்து முடித்த பிறகு வாணலியில் நிற்கிற கறுத்த எண்ணெயை என்ன செய்வது? கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும், அதுவும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் உங்கள் குழாய் உங்கள் வீட்டோடு முடிவதில்லை, கீழ்வீட்டுக்காரரின் சமையலறைத் தரையில் அழுக்குத் தண்ணீராகப் பொங்கி வரும். எண்ணெயைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள் என்று சிங்கப்பூரின் தண்ணீர் விவகாரங்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வழி தேடினால் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது பயோடீசல். பழைய எண்ணெயில் வண்டி ஓட்டலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் அதை வீவக வீட்டில் செய்யாதீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 200 மில்லி மெத்தனால் வேண்டும். 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள் அது, நம் ஊரிலோ ராத்திரியில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பற்றி எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுக்குள் போனால் பார்வை போய்விடும், உயிரும் போகலாம். அதை எண்ணெயோடு சேர்த்து 55 டிகிரி வரை சூடாக்கிக் கலக்க வேண்டும். அடுப்பும் பிள்ளைகளும் இருக்கிற சமையலறையில் செய்கிற வேலையா இது? துவாஸில் 2010 முதல் இயங்கும் நெஸ்டே நிறுவனத்தின் ஆலையில் பழைய சமையல் எண்ணெயிலிருந்தும் டீசல் எடுக்கிறார்கள். அங்கே ஹைட்ரஜனை வைத்துச் செய்கிறார்கள், முறையே வேறு.

நாம் சோப்பு செய்வோம். பயோடீசலுக்கும் சோப்புக்கும் வேதியியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் எண்ணெய், காஸ்டிக் சோடா போன்ற காரம் அந்த ஒட்டைப் பிரிக்கிறது. மெத்தனாலும் இருந்தால் பயோடீசல் வரும், காரமும் தண்ணீரும் மட்டும் இருந்தால் சோப்பு வரும். பயோடீசல் காய்ச்சுகிறவர்கள் எண்ணெயில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே கவலைப்படுவது அதனால்தான், டீசலுக்குப் பதில் சோப்பு திரண்டுவிடும். அவர்களுக்குத் தொல்லையாக வருவதை நாம் வேண்டுமென்றே செய்யப்போகிறோம்.

என்னென்ன வேண்டும்

சுத்தம் செய்த பழைய எண்ணெய் 350 கிராம், புதுத் தேங்காயெண்ணெய் 150 கிராம், காஸ்டிக் சோடா 71 கிராம், தண்ணீர் 142 கிராம். எல்லாமே எடைதான், தண்ணீர்கூட. கப், கரண்டிக் கணக்கெல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு கிராம் வரை காட்டுகிற டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும், மற்றச் சாமானில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், தராசில் மட்டும் வேண்டாம்.

தேங்காயெண்ணெய் எதற்கு என்றால், சூரியகாந்தி மாதிரி எண்ணெய் மட்டும் போட்டால் சோப்பு கொழகொழவென்று இருக்கும், நுரையும் சுமார்தான். தேங்காயெண்ணெய்தான் கெட்டித்தன்மையும் நுரையும் கொடுக்கிறது.

காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்பு செய்யும் பொருள்கள் விற்கிற இணையக் கடைகளில் வில்லைகளாகவோ மணிகளாகவோ கிடைக்கும். வேறு எதுவும் கலக்காததா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். குழாய் அடைப்பு நீக்கப் பொடி எல்லாம் இதுவே என்று நினைத்துவிட வேண்டாம், சிலவற்றில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கும், அவை காரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். இதே காரணத்தால் அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, அடியில் 5 என்று எண் போட்ட கெட்டியான பிளாஸ்டிக் குவளை ஒன்று, சிலிக்கான் கரண்டி ஒன்று, கண்ணை முழுக்க மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை. பெரும்பாலும் டைசோ கடையிலேயே முடிந்துவிடும். கையில் பிடித்து அரைக்கிற பிளெண்டர் இருந்தால் வேலை சுலபம், ஆனால் அதை அப்புறம் சட்னிக்கு எடுக்கக்கூடாது, சோப்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அச்சுக்குக் காலியான ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டி போதும். குளிரில் வைத்து விற்கிற பாலின் பெட்டியாகப் பார்த்து எடுங்கள். வெளியிலேயே மாதக்கணக்கில் வைக்கிற பால் பெட்டிக்குள் பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும், அது ஆகாது.

முதலில் எண்ணெயைச் சுத்தம் செய்யுங்கள்

பாதி வெற்றி இங்கேதான், அவசரப்படாதீர்கள். எண்ணெயை இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே இருப்பதை மட்டும் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டுங்கள். சோப்புக்கு 350 கிராம்தான் என்றாலும் அரை கிலோவாவது எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கொஞ்சம் சேதாரம் ஆகும்.

எண்ணெய் ஆறியிருக்கும்போதே அதே அளவு பச்சைத் தண்ணீரும் இரண்டு கரண்டி உப்பும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். இரண்டையும் குளிர்ந்த நிலையில் சேர்ப்பது முக்கியம், சூடான எண்ணெயில் தண்ணீர் விட்டால் வெடித்துச் சிதறும். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக்கூடாது, மூடி போடக்கூடாது. சிறு தீயில் லேசாகக் கொதி வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அணைத்துவிடுங்கள், கொதிக்கிற நேரம் முழுக்க அங்கேயே நில்லுங்கள். கருகல் துணுக்கும் மசாலா வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குவது நன்றாகத் தெரியும்.

முழுக்க ஆறியதும் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்துங்கள். அடியில் காப்பி நிறத்தில் தண்ணீர், இடையில் மெல்லிசாக அழுக்குப் படலம், மேலே தெளிந்த எண்ணெய். மூடியைத் துளி திறந்தால் தண்ணீர் முதலில் வெளியேறும். அந்தப் படலமும் போன பிறகு மூடிவிடுங்கள். படலத்தைப் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் ரொம்பக் கறுப்பாக வந்தால் இன்னொரு முறை இதையே செய்யுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? முறுக்கு, வடை, அப்பளம் போட்டது அருமையாக வரும். மீன், நெத்திலி பொரித்த எண்ணெயைத் தனியாக வையுங்கள், எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் அந்த வாடை சோப்பில் நிற்கும். சிக்கு வாடை அடித்தாலும் வேண்டாம். மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் காரத்தைச் சேர்த்ததும் சிவப்பேறினால் பயப்படாதீர்கள், ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே வினைதான் இதுவும்.

காரத்தைக் கரைக்கும் நேரம்

பிள்ளைகளும் பூனையும் சமையலறைக்கு வெளியே. சன்னல் திறந்திருக்கட்டும். கைபேசியைத் தள்ளி வையுங்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்ட பிறகுதான் காஸ்டிக் சோடா டப்பாவைத் திறக்க வேண்டும்.

142 கிராம் குளிர்ந்த தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் குவளையைக் கழுவுதொட்டிக்குள் வையுங்கள், கொட்டினாலும் அங்கேயே நிற்கும். 71 கிராம் காஸ்டிக் சோடாவைக் காய்ந்த கிண்ணத்தில் எடைபோட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போட்டுக் கலக்குங்கள். காரம்தான் தண்ணீருக்குள் போக வேண்டும், காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, ஊற்றினால் ஒரே இடத்தில் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைக்கும்போது அடுப்பே இல்லாமல் 80 டிகிரிக்கு மேலே சூடேறும், குவளையைத் தொட்டால் சுடும். முதல் ஒரு நிமிடம் எழும் ஆவி தொண்டையைக் கமறவைக்கும், முகத்தை விலக்கியே வைத்திருங்கள். தண்ணீர் முதலில் கலங்கலாகி, பிறகு கண்ணாடி போலத் தெளியும். தெளிந்ததும் எட்டாத இடத்தில் ஆறவிடுங்கள்.

தோலில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள், வினிகர் எதுவும் ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 995-ஐ அழைக்கட்டும். வீட்டில் தனியாக இருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கலக்குவது, ஊற்றுவது

இரண்டு எண்ணெயையும் எவர்சில்வர் பாத்திரத்தில் சேர்த்து லேசாகச் சூடாக்குங்கள். எண்ணெயும் காரநீரும் 40 டிகிரி பக்கம் வந்ததும் காரநீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றுங்கள். பிளெண்டரைப் பாத்திரத்தின் அடியில் வைத்துச் சில விநாடி ஓட்டி, நிறுத்தி, கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். பிளெண்டரை மேலே தூக்காதீர்கள், தெறிக்கும். சில நிமிடத்தில் கலவை நிறம் வெளுத்து, நீர்க்கக் கரைத்த தோசை மாவு போலாகும். கரண்டியைத் தூக்கினால் விழுகிற சொட்டு உடனே மறையாமல் மேலேயே கோடு போட்டு நிற்க வேண்டும், அதுதான் பதம். பழைய எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏற்கெனவே கொஞ்சம் பிரிந்து கிடப்பதால் புது எண்ணெயைவிட இது சீக்கிரமே பதத்துக்கு வந்துவிடும், அச்சைத் தயாராகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கலக்குங்கள். கையால் மட்டும் கலக்குகிறவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம், பொறுமை வேண்டும்.

வாசனைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பத்து கிராம் வரை இப்போது சேர்க்கலாம். பால் பெட்டியில் ஊற்றி, பழைய துண்டு ஒன்றைச் சுற்றி, அலமாரிக்கு மேலே ஒரு நாள் முழுக்க வைத்துவிடுங்கள். பாத்திரத்தை உடனே கழுவ வேண்டாம். கையுறையோடு காகிதத்தால் துடைத்துவிட்டு யார் கையும் படாத இடத்தில் மறுநாள் வரை வைத்தால், ஒட்டியிருப்பது சோப்பாகவே மாறிவிடும், அதைக்கொண்டே கழுவிவிடலாம்.

இரண்டாம் நாள் பெட்டியைக் கிழித்து, கையுறையோடு துண்டு போடுங்கள். இன்னும் மெத்தென்று இருந்தால் மேலும் இரண்டு நாள் விடுங்கள். துண்டுக்குள்ளே வெள்ளைப் பொடியாகவோ நீர்க்குமிழாகவோ திட்டு தெரிந்தால் காரம் கலக்காமல் நிற்கிறது என்று அர்த்தம், அந்தச் சோப்பைத் துணிக்கும் பயன்படுத்தாதீர்கள்.

நம் ஊரின் ஈரக்காற்று

சோப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் காய வேண்டும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், சோப்பிலிருக்கும் கிளிசரின் அந்த ஈரத்தை இழுத்து மேலே முத்து முத்தாக வியர்க்கும். அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை, துடைத்துவிட்டால் போதும். சமையலறையிலும் குளியலறையிலும் வைக்காமல், காற்றாடி ஓடுகிற அறையில், கம்பித் தட்டின்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி வாரம் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஒரு கட்டியை மட்டும் வாராவாரம் எடை பார்த்து அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. பயன்படுத்துமுன் ஈரப்படுத்தி, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் பட்டையை வைத்தால் 9, 10 என்று காட்ட வேண்டும். அதற்கு மேலே போனால் இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், அப்போதும் இறங்காவிட்டால் குப்பைக்குத்தான்.

சட்டைக் காலர், சமையலறைத் துணி, எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரம் இதற்கெல்லாம் இது பிரமாதமாக வேலை செய்யும். முகத்துக்கும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் வேண்டாம். பழைய எண்ணெய்ச் சோப்பில் சில மாதத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழுந்து சிக்கு வாடை வரத் தொடங்கும், அதனால் ஒரேயடியாக நிறையச் செய்து அடுக்காதீர்கள்.

எண்ணெய் அளவை மாற்ற விரும்புகிறவர்களுக்குக் கணக்கு இது: ஒரு கிராம் எண்ணெய்க்கு வேண்டிய காஸ்டிக் சோடா சூரியகாந்திக்கு 0.135 கிராம், சோயா, கடலை எண்ணெய்க்கு 0.136, பாமாயிலுக்கு 0.141, தேங்காயெண்ணெய்க்கு 0.183. ஒவ்வொன்றையும் அதனதன் எடையால் பெருக்கிக் கூட்டி, வருகிற தொகையில் 5 சதவிகிதம் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்கு எண்ணெய் மீதம் நின்றால் காரம் மிஞ்சாது. தண்ணீர் காஸ்டிக் சோடாவைப் போல இரண்டு மடங்கு. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த போத்தலில் என்ன எண்ணெய் என்று அவருக்கே தெரியாவிட்டால், சூரியகாந்தி என்று வைத்துக்கொண்டு 0.135-ஆல் பெருக்குங்கள். அது பாமாயிலாகவே இருந்தாலும் சோப்பில் எண்ணெய்ப்பசை சற்றுக் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.