நிலையில்லா வானிலையில் உயர்மலைக் குழுநடை: திட்டமும் நடைமுறையும்

மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே உள்ள மலைப்பகுதியில், காலையில் கூசும் வெயில், நண்பகலில் மூடுபனி, மாலையில் ஆலங்கட்டி மழை என ஒரே நாளில் வானிலை மும்முறை மாறுவது வழக்கமே. எந்த நிலை வந்தால் எந்த இடத்தில் என்ன செய்வது என்பதைக் குழுவினர் அனைவரும் அடிவாரத்திலேயே, உடை காய்ந்தும் வயிறு நிறைந்தும் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். நனைந்து நடுங்கிக்கொண்டு, கணவாய் இன்னும் ஒரு மணி நேரத் தொலைவுதான் என்று கண்ணுக்குத் தெரியும் வேளையில் எடுக்கும் முடிவில் ஆசைதான் பேசும். கூடாரமும் உணவும் சுமந்து, சாலையோ கடையோ இல்லாத மலைவெளியில் நான்கைந்து நாள் நடக்கவிருக்கும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பனியாற்றின் மேல் கயிறு கட்டி நடப்பதும் செங்குத்துப் பாறை ஏறுவதும் தனிப் பயிற்சி வேண்டுபவை. அவற்றை இங்கே தொடவில்லை.

குழுவை அமைத்தல்

நால்வருக்குக் குறையாமல் செல்வது நல்லது. ஒருவருக்குக் கால் பிசகிவிட்டால், ஒருவர் அவருடன் தங்க, இருவர் சேர்ந்து உதவி தேடிச் செல்லலாம். எட்டுப் பேருக்கு மேற்பட்டால், ஒவ்வோர் ஓய்வும் நீண்டு, கூடாரமிடச் சமதளம் கிடைப்பதும் அரிதாகிவிடும். தலைவர் யார், அவருக்கு முடியாமல் போனால் அடுத்தவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, ஒவ்வாமை, பழைய மூட்டுவலி, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஒவ்வொருவரும் தலைவரிடமும் இன்னொருவரிடமும் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து பையின் எந்த அறையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நடக்கும்போது வழி அறிந்தவர் முன்னாலும், உடல்வலுவும் பொறுமையும் உள்ளவர் கடைசியிலும் வரட்டும். குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. வேகமாக நடப்பவர்கள் முன்னே சென்று காத்திருந்து, மெதுவாக வருபவர் வந்து சேர்ந்தவுடன் எழுந்து புறப்பட்டுவிடும் பழக்கம் பல குழுக்களில் உண்டு. ஓய்வு மிகுதியாகத் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும் இந்த ஏற்பாட்டை முதல் நாளே தடுத்துவிட வேண்டும். பாதை பிரியும் இடம், ஓடை, கணவாய் ஆகிய மூன்றிலும் அனைவரும் கூடிய பிறகே மேலே செல்வது என்பதை மீறக்கூடாத விதியாக வையுங்கள்.

திரும்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னாலும் குழு நின்று அதைக் கேட்க வேண்டும். இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லி வைக்காவிட்டால், அனுபவம் குறைந்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தமக்கு மட்டுமே தோன்றும் அச்சம் என்று எண்ணி ஒவ்வொருவரும் மௌனமாக நடப்பது, பெரிய குழுக்களில் எளிதாக நேர்ந்துவிடும்.

வழியும் நேரமும்

ஒரு நாளின் நடைநேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 12 கி.மீ. தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளுக்கு இது ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்று காட்டும். இவ்விதி உடல்வலு மிக்கவர் நல்ல பாதையில் நிற்காமல் நடப்பதற்கானது. சுமை தூக்கிய குழுவுக்கு இத்துடன் பாதியைக் கூட்டி ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்குவியல்களும் பழைய பனித்திட்டுகளும் நிறைந்த வழியானால் அதுவும் போதாது.

வரைபடத்தில் ஒவ்வொரு நாளின் வழியையும் வரைந்தபின், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக விரைவில் கீழிறங்கலாம் என்பதையும் வேறு நிறத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வெளியேறும் வழி இல்லாத நாள் திட்டத்தில் இருந்தால், அந்த நாளுக்கு மட்டும் வானிலை தெளிவாக இருப்பதைக் கட்டாய நிபந்தனையாக்கி, காத்திருப்பதற்கென ஓர் உபரி நாளையும் அதற்கான உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவாயைக் கடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் திரும்பும் நேரம் ஒன்று வேண்டும். 11 மணி என்று குறித்திருந்தால், 11 மணிக்குக் கணவாய் கைக்கெட்டும் தொலைவில் தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான்.

உயரமும் உடலும்

கடல்மட்டத்திலிருந்து 2500 மீட்டருக்கு மேலே உயரநோய் யாருக்கும் வரலாம். இளமையோ உடற்பயிற்சியோ அதைத் தடுப்பதில்லை. 3000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். அந்த உயரத்துக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் ஏறாத நாள் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் அதைவிட மேலே ஏறிவிட்டு இரவில் இறங்கித் தங்கலாம்.

தலைவலியுடன் குமட்டலோ, தலைசுற்றலோ, மிகுந்த சோர்வோ இருந்தால் உயரநோய் என்றே கொண்டு, குறையும் வரை மேலே ஏறக்கூடாது. நேர்க்கோட்டில் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவதும், பேச்சு குழறுவதும், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பதும் உயிருக்கு ஆபத்தான குறிகள். அவற்றைக் கண்டால் விடியும் வரை காத்திராமல் நோயாளியைத் துணையுடன் உடனே கீழிறக்க வேண்டும். உயரநோய்க்கான மாத்திரைகளைப் பற்றிப் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுமையைப் பிரித்தல்

முதுகுப்பையின் எடை உடல் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். பருத்தி ஆடை நனைந்தால் உடலோடு ஒட்டிக் காயாமல் குளிரை ஊட்டும். கம்பளியோ செயற்கை இழையோ ஆன உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, அதற்கு மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுறை என அடுக்கடுக்காக அணிவதே தக்கது. உறங்குவதற்கென்று ஓர் உலர்ந்த உடைத்தொகுதி தனியே இருக்க வேண்டும். காலையில் ஈர உடையை மீண்டும் அணிவது எத்தனை வெறுப்பாக இருந்தாலும், உலர்ந்ததைப் பகலில் தொடக்கூடாது. முதுகுப்பைக்கு வெளியே போடும் மழையுறையைக் காற்று பறித்துச் சென்றுவிடும். பைக்குள்ளேயே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, உறக்கப்பையையும் உடைகளையும் அதற்குள் வைத்துக் கட்டுவது மலிவானது, தோற்காதது.

பொதுப் பொருள்களைப் பிரிக்கும்போது எடையை மட்டும் பார்த்து, கூடாரத் துணியை ஒருவரிடமும் அதன் கம்பிகளை மற்றொருவரிடமும் கொடுப்பதுண்டு. மூடுபனியில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டால் அன்றிரவு இரு பாதிகளுக்கும் கூடாரம் இல்லை. ஒரே கூடாரத்தில் உறங்குபவர்களே அதை முழுமையாகச் சுமக்க வேண்டும். அடுப்பு, வரைபடம், முதலுதவிப் பை ஆகியவை குழுவில் இரண்டிரண்டு இருந்தால் இன்னும் நல்லது. இவற்றுடன், எல்லோரும் அடியில் நுழைந்து நெருங்கி அமரக்கூடிய நைலான் மறைப்பு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அரைக் கிலோ அளவே எடையுள்ள அதை ஒரு நிமிடத்தில் விரித்துவிடலாம். சாரல் மழையில் உணவருந்தவும், காயம்பட்டவரைக் காக்கவும் அதைப்போல் உதவும் பொருள் வேறில்லை.

3000 மீட்டரில் நீர் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், பருப்பும் அரிசியும் வேக நெடுநேரமாகும், எரிபொருளும் வீணாகும். வெந்நீர் ஊற்றினாலே ஆயத்தமாகும் உணவையும், நடந்துகொண்டே தின்னக்கூடிய கொட்டைகளையும் உலர்பழங்களையும் தேர்ந்தெடுங்கள். மழைக்காக எத்தனை சலிப்பு ஏற்பட்டாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வானத்தைப் படித்தல்

வானிலை முன்னறிவிப்பில் பள்ளத்தாக்கில் உள்ள ஊருக்கான வெப்பநிலையைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதால் பயனில்லை. சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி குறையும்; ஊரில் 18 டிகிரி என்றால், 2000 மீட்டர் மேலே உள்ள கணவாயில் 5 டிகிரிதான். அதன்மேல் காற்றின் கணக்கு வேறு: வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது கழித்தல் 7 டிகிரி போல் உறைக்கும். ஆகவே முன்னறிவிப்பில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: முகட்டின் உயரத்தில் காற்றின் வேகம், நீர் உறையும் வெப்பநிலை நிலவும் உயரம், இடிமழை தொடங்கக்கூடிய நேரம். உறைநிலை உயரத்துக்குச் சில நூறு மீட்டர் கீழே வரையிலும் மழை பனியாகவே விழலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முதல் நாளுக்குப் பின் முன்னறிவிப்பின் நம்பகம் குறைந்துகொண்டே போகும். தொலைபேசித் தொடர்பும் இராது. அப்போது கைகொடுப்பவை வானமும் காற்றழுத்தமும். அழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால், கூடாரமிட்டதும் அது காட்டும் உயரத்தைக் குறித்து வையுங்கள். இரவில் 2800 மீட்டர் காட்டிய கருவி, யாரும் நகராமலே காலையில் 2840 காட்டினால், மலை வளர்ந்துவிடவில்லை. காற்றழுத்தம் ஏறத்தாழ மூன்றரை ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. வானிலை கெடப்போகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

உயரத்தில் இழையிழையாகத் தோன்றும் வெண்முகில் மெல்ல மெல்லத் தடித்து வானை மூடுவதும், கதிரவனையோ நிலவையோ சுற்றி வட்டம் கட்டுவதும் ஓரிரு நாளுக்குள் மழை வரலாம் என்று காட்டும். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழி கவனித்துச் சொல்லப்பட்டதுதான். அந்த வட்டம் உயர்முகிலின் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் உண்டாகிறது. சிகரங்களின் மேல் வில்லை வடிவ முகில்கள் அசையாமல் நின்றால், கீழே அமைதியாக இருந்தாலும் மேலே பலத்த காற்று வீசுகிறது. காலை 10 மணிக்குள்ளேயே திரள்முகில்கள் அகலத்தைவிட உயரமாக வளரத் தொடங்கினால், அன்று பிற்பகல் இடிமழையை எதிர்பார்க்கலாம்.

இடி

கோடைக்காலத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் உருவாவதால், விடியலுக்கு முன் எழுந்து, நண்பகலுக்குள் முகடுகளையும் கணவாய்களையும் கடந்துவிடுவதே முதன்மையான பாதுகாப்பு. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையிலான நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். இடைவெளி 30 நொடிக்குக் குறைந்தால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது என்று பொருள். அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை மேலே ஏறக்கூடாது.

முகடு, தனிமரம், நீர்நிலை, இரும்புக் கம்பி பொருத்திய பாதை, ஆழமற்ற குகையின் வாய் ஆகிய அனைத்தையும் விட்டு விலகுங்கள். அடர்ந்த காட்டின் குட்டையான மரங்களிடையே அல்லது தாழ்ந்த பள்ளத்தில், ஒருவருக்கொருவர் 15 மீட்டருக்குக் குறையாமல் விலகி நில்லுங்கள். ஒரே மின்னலில் அனைவரும் வீழ்ந்தால் முதலுதவி செய்ய ஆள் இருக்காது. பையின் மீதோ உறக்கப்பாயின் மீதோ பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருப்பது கடைசி வழி மட்டுமே. அது முழுப் பாதுகாப்புத் தராது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்காது; உடனே தொட்டு, மூச்சில்லையெனில் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்கலாம்.

ஈரமும் குளிரும்

உறைபனியைவிட, 5 டிகிரியில் பெய்யும் மழையும் காற்றும் பல நேரங்களில் ஆபத்தானவை, ஏனெனில் பனியைத் தட்டிவிடலாம், மழையோ உடைக்குள் இறங்கிவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்கிறோம். நடுக்கம், விரல்களால் ஜிப்பை இழுக்க முடியாத தடுமாற்றம், முணுமுணுப்பு, எரிச்சல், இடறல் என அது படிப்படியாக வரும். பாதிக்கப்பட்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார் என்பதால், இருவர் இருவராக இணைத்து ஒருவரையொருவர் கவனிக்கச் செய்யுங்கள்.

அறிகுறி தெரிந்தவுடன் மறைப்பை விரித்து, ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை அணிவித்து, தரைக்கும் உடலுக்கும் இடையே பாய் இட்டு, விழிப்புடன் விழுங்கக்கூடியவராயின் இனிப்பான வெந்நீரும் உணவும் கொடுக்க வேண்டும். மது கூடாது, கைகால்களைத் தேய்க்கவும் கூடாது. உடல் சில்லிட்டிருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறியதன் அடையாளமன்று, நிலை முற்றியதன் அடையாளம். அவரை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மென்மையாகக் கையாண்டு, மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.

ஓடைகளும் மூடுபனியும்

பனியாற்றிலிருந்து வரும் ஓடைகளில் விடியற்காலையில் நீர் குறைவாகவும், வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் மிகுதியாகவும் இருக்கும். அகன்று பல கிளைகளாகப் பிரியும் இடத்தில் கடப்பது நல்லது. பையின் இடைப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கழற்றிவிட்டு, காலணியுடனேயே, நீர்வரும் திசையை நோக்கி ஊன்றுகோலைப் பதித்து, பக்கவாட்டில் அடி வைத்துச் செல்லுங்கள். நீர் வேகமாகவும் முழங்காலுக்கு மேலாகவும் இருந்தால் கடக்காமல், மறுநாள் காலை வரை காத்திருப்பதற்குத்தான் அந்த உபரி நாள்.

மூடுபனி இறங்கியதும் நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, திசைகாட்டியைக் கொண்டு சிறுசிறு தொலைவாக நகர வேண்டும். கைபேசி வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தாலும், குளிரில் மின்கலம் விரைவில் தீரும். அதை உடலோடு ஒட்டிய பையில் வைத்து, இரவில் உறக்கப்பைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் வரைபடமும் கட்டாயம் இருக்கட்டும்.

உதவி கேட்டல்

தொலைபேசி எட்டாத இடத்தில், ஊதலாலோ கைவிளக்காலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை அடையாளம் காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடர்வது மலைகளில் பன்னாடுகளிலும் அறியப்பட்ட அபாய அழைப்பு. பதிலாக நிமிடத்துக்கு மூன்று அடையாளம் வரும். ஹெலிகாப்டர் வந்தால், உதவி வேண்டுவோர் இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்த வேண்டும். ஒரு கையை மேலும் மறு கையை கீழும் நீட்டினால் உதவி தேவையில்லை என்று பொருள். ஆர்வத்தில் ஒற்றைக் கையை அசைத்து வரவேற்பது குழப்பத்தையே உண்டாக்கும்.

நாள்வாரியான வழி, வெளியேறும் வழிகள், குழுவினரின் பெயர்கள், எந்த நாள் எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புப் பிரிவை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதி, கீழே இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அந்த நேரத்தில் உபரி நாளும் அடங்கியிருக்க வேண்டும். வேறு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டாலும், தொடர்பு கிடைத்த முதல் இடத்திலேயே அவருக்குச் செய்தி சொல்லிவிட்டுப் பிறகு ஈரக் காலணிகளைக் கழற்றுங்கள்.