எம்ஆர்ஐல மூளையோட சின்ன ரத்தக்குழாய் நோயைப் படிக்கிறது எப்படி

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, அந்த சின்னக் குழாய் சாதாரண எம்ஆர்ஐல கண்ணுக்கே தெரியாது, அது கெட்டுப்போனதால பக்கத்துல விட்டுட்டுப் போன தடயத்தைத்தான் நாம பாக்குறோம். அதனால ஒரே படத்தை வச்சு முடிவு கட்டாதீங்க, டி1, டி2, ஃபிளேர், டிஃப்யூஷன், எஸ்டபிள்யூஐன்னு அஞ்சு வகைப் படமும் (சீக்வென்ஸ்) இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க.

நான் முதல்ல திறக்குறது டிஃப்யூஷன். அதுல பளிச்சுன்னு ஒரு புள்ளி, அதே இடம் அதோட கூட வர்ற ஏடிசி படத்துல கருப்புன்னா புது அடைப்பு, டாக்டருக்கு ஒடனே போன் பண்ணுங்க. குறுக்குவெட்டுல 20 மில்லிமீட்டருக்குள்ள இருந்தாதான் சின்னக் குழாய் கணக்கு.

அடுத்து ஃபிளேர்ல வெள்ளைத் திட்டு. அது எவ்வளவுன்னு மார்க் போடுற ஃபசேகாஸ் ஸ்கோர் 1987ல வந்தது, இன்னும் அதான் கைகொடுக்குது, வென்ட்ரிக்கிளை (மூளைக்குள்ள தண்ணி இருக்குற அறை) சுத்தி தனியா, ஆழத்து வெள்ளைப் பகுதிக்குத் தனியா 0லேர்ந்து 3 வரைக்கும் போடணும். ஆழத்துல புள்ளி புள்ளியா இருந்தா 1, ஒட்ட ஆரம்பிச்சா 2, பெருசா ஒண்ணா சேந்துட்டா 3.

ரொம்பப் பேர் தடுமாறுற இடம் லாக்யூன். பழைய அடைப்பு ஆறி விட்ட குழி அது, 3லேர்ந்து 15 மில்லிமீட்டர். குழாயைச் சுத்தி இயல்பாவே இருக்குற இடைவெளியும் அதே மாதிரி தண்ணி நிறத்துலதான் தெரியும். ஆரம்பத்துல ஒரு வயசான அம்மா ஸ்கேன்ல மூளை ஆழத்துல பியூட்டாமன்ங்கிற பகுதிக்குக் கீழ ஒரு குழியைப் பாத்து லாக்யூன்னு எழுதப் போனேன், பக்கத்துல இருந்த சீனியர் எதுவும் பேசாம கொரோனலுக்கு (முன்னாடியிருந்து பாக்குற வெட்டு) மாத்துனாரு, அந்த உருண்டை அப்படியே கோடா நீண்டு குழாய் போற வழியிலேயே மேல ஏறுச்சு. எழுதியிருந்தா, வராத பக்கவாதத்தை அந்தம்மா தலையில கட்டியிருப்பேன். அதனால மூணு பக்கமும் திருப்பிப் பாருங்க. ஃபிளேர்ல நடுவுல கருப்பு, ஓரத்துல வெள்ளை வளையம்னா லாக்யூன் பக்கம் சாயலாம், ஆனா எல்லா லாக்யூனுக்கும் வளையம் இருக்காது.

ரத்தக் கசிவைக் காட்டுற எஸ்டபிள்யூஐல வட்டமான கருப்புப் புள்ளி நுண்கசிவு, பெரும்பாலும் 2லேர்ந்து 5 மில்லிமீட்டர், 10 வரைக்கும் போகலாம். மவுஸை மேலயும் கீழயும் உருட்டுங்க, அடுத்தடுத்த ஸ்லைஸ்ல தொடர்ந்து போச்சுன்னா அது வெறும் குழாய். குளோபஸ் பாலிடஸ்ங்கிற ஆழத்துப் பகுதியில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கருப்புன்னா பெரும்பாலும் கால்சியமோ இரும்போ படிஞ்சது, பழைய சிடி இருந்தா ஒத்துப் பாருங்க. நிஜக் கசிவு தலாமஸ், மூளைத்தண்டுன்னு ஆழத்துல இருந்தா பிபி பக்கம் யோசிங்க, வயசானவங்களுக்கு ஓரத்து மடல்கள்ல மட்டும் இருந்தா குழாய்ச் சுவர்ல அமிலாய்டு புரதம் படிஞ்சிருக்கான்னு யோசிங்க.

ஃபாலோஅப் பண்றவங்க அதே மெஷின், அதே சீக்வென்ஸ்ல எடுங்க. போன தடவை ஜிஆர்இ (கசிவைக் கொஞ்சம் குறைவா காட்டுற சீக்வென்ஸ்), இந்தத் தடவை எஸ்டபிள்யூஐன்னா கசிவு கூடுன மாதிரிதான் தெரியும், உண்மையில கூடியிருக்காது. பேரையும் அளவையும் இந்த நோய்க்கான ஸ்ட்ரைவ்ங்கிற சர்வதேச வழிகாட்டுதல் படியே எழுதுங்க, 2013ல வந்தது, 2023ல புதுப்பிச்சாங்க.

சின்ன வயசு, பிபி இல்ல, வீட்டுல பக்கவாதமோ மைக்ரேனோ வந்தவங்க இருக்காங்க, அப்படின்னா டெம்பொரல் மடலோட முன்நுனியை ஒரு தடவை தேடிப் பாருங்க. அங்க ஃபிளேர் வெள்ளையா இருந்தா காடசில் (பரம்பரையா வர்ற சின்னக் குழாய் நோய்) சந்தேகம்னு ரிப்போர்ட்ல எழுதி நாட்ச்3 மரபணு டெஸ்ட்டையும் சொல்லிடுங்க.