கர்லிங் முடிவுகளை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் மகளிர் உலக கர்லிங் சாம்பியன்ஷிப் வரும், அது முடிந்த கையோடு ஆடவர் சாம்பியன்ஷிப் தொடங்கிவிடும். புதிதாக எழுத வருகிறவர்கள் முடிவுகளைத் தமிழில் தொகுத்து எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். பனித்தளத்தில் கனமான கற்களை இலக்கு வட்டத்தை நோக்கி வழுக்கிவிட்டு ஆடும் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வருகின்றன. பெயரில் எழுத்துப்பிழை, இடம் மாறிய ஸ்கோர் போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இன்னொரு முறை படித்தால் அவை தானே கண்ணில் படும். எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாதவைதான் எனக்குக் கவலை.

பூஜ்யத்தைத் தோல்வியாக எழுதுவது

இதுதான் பெரிய தவறு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு செய்தியில் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இந்த ஒரு தவறு ஆட்டத்தின் கதையையே தலைகீழாக்கிவிடும்.

அடிப்படையை ஒருமுறை பார்த்துவிடுவோம். உலக சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றில் 10 எண்டுகள், அதாவது 10 சுற்றுகள். ஒவ்வொரு எண்டிலும் அணிக்கு 8 கற்கள், இரண்டு அணிக்கும் சேர்த்து 16. எல்லாக் கற்களும் விட்டு முடிந்ததும், ஹவுஸ் எனப்படும் இலக்கு வட்டத்தின் நடுவில் இருக்கும் பட்டன் என்ற மையத்துக்கு மிக அருகில் யாருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே எத்தனை கற்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். ஓர் எண்டில் இரண்டு அணிகளும் புள்ளி எடுக்க முடியாது.

16-ஆவது கல், அதாவது எண்டின் கடைசிக் கல், யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் 'ஹேமர்' இருக்கிறது என்பார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஹவுஸில் கல்லே நிற்காமல் யாருமே புள்ளி எடுக்காவிட்டால் ஹேமர் வைத்திருந்த அணியே அதை வைத்துக்கொள்ளும். கர்லிங் கணக்கு முழுவதும் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளி எடுப்பது பெரும்பாலும் லாபமில்லை. குறைந்தது இரண்டு புள்ளியாவது வேண்டும். இரண்டு கிடைக்காது என்று தெரிந்தால், ஸ்கோர் நிலவரத்தைப் பார்த்து, அந்த எண்டை வேண்டுமென்றே பூஜ்யமாக முடித்துவிடுவார்கள். இதற்குப் பெயர் 'பிளாங்க் எண்ட்'. ஹவுஸில் எதிரணியின் கல் ஒன்று மட்டும் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கல்லால் அதை அடித்து வெளியேற்றினால் மட்டும் போதாது. அடித்த கல்லும் உருண்டு வெளியே போக வேண்டும். உள்ளே நின்றுவிட்டால் ஒரு புள்ளி வந்துவிடும், ஹேமர் கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் சில சமயம் இரண்டு பேர் தங்கள் கல்லின் முன்னால் பனியை மூச்சுமுட்டத் தேய்த்துக்கொண்டே ஓடுவதைப் பார்க்கலாம். புள்ளி தரப்போகும் கல்லை ஹவுஸை விட்டு வெளியே கொண்டுபோகத்தான் அத்தனை பாடு. அது விளிம்பில் நின்று ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் ஸ்கிப்பின், அதாவது அணித் தலைவரின், முகம் சுருங்கும்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, விளக்கத்துக்காக நான் அமைத்த ஒரு ஸ்கோர் வரிசையைப் பாருங்கள். முதல் எண்டில் ஹேமர் முதல் அணியிடம்.

முதல் அணி: 0 2 0 0 1 0 0 0 0 2, மொத்தம் 5
இரண்டாம் அணி: 0 0 1 0 0 2 0 1 0 0, மொத்தம் 4

இதைக் கொடுத்து எழுதச் சொன்னால் வழக்கமாக என்ன வருகிறது தெரியுமா? "நான்கு எண்டுகளில் இரு அணிகளும் புள்ளி எடுக்க முடியாமல் திணறின. 3-ஆவது, 8-ஆவது எண்டுகளில் தலா ஒரு புள்ளி எடுத்து இரண்டாம் அணி ஆறுதல் அடைந்தது. 9-ஆவது எண்டிலும் தடுமாறிய முதல் அணி, கடைசி எண்டில் அதிர்ஷ்டவசமாக மீண்டது." எண்கள் சரி, கதை முழுக்கத் தவறு.

ஹேமரைச் சேர்த்துப் படியுங்கள். 3-ஆவது எண்டில் கடைசிக் கல் இரண்டாம் அணியிடம் இருந்தது. அவர்களை ஒரே புள்ளியோடு நிறுத்தியது முதல் அணியின் சாமர்த்தியம். 8-ஆவது எண்டில் ஹேமர் முதல் அணியிடம் இருந்தும் இரண்டாம் அணி ஒரு புள்ளி எடுத்தது. இதுதான் 'ஸ்டீல்', பறித்தெடுத்த புள்ளி. ஆட்டத்தின் திருப்புமுனையே அதுதான். இரண்டும் தாளில் '1' என்றுதான் நிற்கும், ஆனால் ஒன்று எதிரணி விட்டுக்கொடுத்தது, மற்றொன்று எதிரணியிடம் பிடுங்கியது. 9-ஆவது எண்டுக்கு வாருங்கள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த முதல் அணி அங்கே தடுமாறவில்லை. ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தால் கடைசி எண்டில் ஹேமர் எதிரணிக்குப் போகும் என்று தெரிந்தே பூஜ்யமாக்கியது. ஹேமரோடு 10-ஆவது எண்டுக்குள் போய் இரண்டு எடுத்து வென்றது. இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

நிஜ ஆட்டத்தில் வேண்டுமானால் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் ஆடவர் இறுதியைப் பாருங்கள். 10-ஆவது எண்டில் பிரிட்டன் ஒரு புள்ளி எடுத்து 4–4 என்று சமன் செய்தது. மீண்டுவிட்டார்கள் என்று அந்த நொடியில் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளியோடு ஹேமர் சுவீடனுக்குப் போய்விட்டது. கூடுதல் எண்டில் நிக்லாஸ் எடினின் அணி ஒரு புள்ளி எடுத்து 5–4 என்று தங்கம் வென்றது. "கடைசி எண்டில் சமன் செய்து நம்பிக்கை ஊட்டிய பிரிட்டன்" என்று எழுதிவிட்டு, அடுத்த எண்டில் கடைசிக் கல் யாரிடம் இருந்தது என்பதை விட்டுவிட்டால், ஏன் தோற்றார்கள் என்று படிக்கிறவருக்கு எப்படிப் புரியும்?

ஸ்கோர் வரிசையில் ஓர் அணியின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ சின்னச் சுத்தியல் படமோ இருக்கும். முதல் எண்டில் ஹேமர் யாரிடம் என்று காட்டுவது அதுதான். அது ஒன்று தெரிந்தால் மீதி எண்டுகளில் ஹேமர் யாரிடம் இருந்தது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்: புள்ளி எடுத்தவரின் எதிரணிக்குப் போகும், பூஜ்யமானால் அங்கேயே நிற்கும். அது தெரியாவிட்டால் முழு வரிசையும் வெறும் எண்கள். ஒருமுறை நான் கவனமாகக் கட்டி அனுப்பிய அட்டவணையிலிருந்து அந்த நட்சத்திரத்தை மட்டும் ஒரு ஆசிரியர் பொறுக்கி நீக்கிவிட்டார். அச்சுப்பிழை மாதிரி தெரிந்ததாம். 'திணறல்' என்ற சொல்லைத் தலைப்பில் அவரே சேர்த்துமிருந்தார். இரு அணிகளும் அருமையாக ஆடிய ஆட்டம் அது. அந்தத் தலைப்பை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே, ஒரு வரி எழுதுவதற்கு முன் ஒவ்வொரு எண்டின் மேலும் ஹேமர் யாரிடம் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு 'திணறியது', 'மீண்டது', 'ஆறுதல் புள்ளி' என்ற சொற்கள் பாதிக்கு மேல் தாமாகவே காணாமல் போகும்.

கடைசிக் கல்லை ஸ்கிப்தான் விட்டார் என்று ஊகிப்பது

அணிகள் ஸ்கிப்பின் பெயரால் அறியப்படுகின்றன. பெரும்பாலான அணிகளில் ஸ்கிப்தான் நான்காவது ஆளாக வந்து கடைசி இரண்டு கற்களை விடுவார். எடின் அப்படி, ஸ்காட்லாந்தின் புரூஸ் மோவட் அப்படி, கனடாவின் ரேச்சல் ஹோமன் அப்படி. ஆனால் சுவிட்சர்லாந்தின் சில்வானா திரின்சோனி அணியில் அவர் மூன்றாவதாக விட்டு, கடைசிக் கற்களை அலினா பேட்ஸிடம் கொடுத்திருந்தார். அந்த அணி 2019, 2021, 2022, 2023 என்று அடுத்தடுத்து நடந்த நான்கு உலக சாம்பியன்ஷிப்களை வென்றது. அத்தனை பட்டங்களிலும் "திரின்சோனியின் கடைசிக் கல்" என்று எழுதியவர்கள் பேட்ஸின் உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதினார்கள். சுவிஸ் ஆடவர் அணியிலும் யானிக் ஷ்வாலர் ஸ்கிப்பாக இருக்க, கடைசிக் கற்களை விட்டவர் பென்வா ஷ்வார்ட்ஸ் வான் பெர்க்கல். இறுதி ஆட்டத்தின் முடிவை எழுதும்போது, அணிப் பட்டியலில் நான்காவது இடத்தில் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"கனடா பட்டத்தைத் தக்கவைத்தது"

2017-இல் பெய்ஜிங்கில் மகளிர் பட்டம் கனடாவுக்கு. 2018-இல் நார்த் பேயில் மீண்டும் கனடா. தக்கவைத்தது யார்? முதலாவது ஹோமனின் அணி, ஓர் ஆட்டமும் தோற்காமல் வென்றது. அடுத்தது ஜெனிபர் ஜோன்ஸின் அணி. கனடாவில் தேசிய சாம்பியன்ஷிப்பை வெல்லும் அணிதான் அந்த ஆண்டு உலகப் போட்டிக்குப் போகும். பல அணிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கி ஒரு தேசிய அணியாகச் சேர்க்கும் வழக்கம் இங்கே கிடையாது. 2024-இல் சிட்னியிலும் 2025-இல் உய்ஜாங்புவிலும் ஹோமனின் அணியே வென்றது. 'தக்கவைத்தது' என்ற சொல் அங்கே அணிக்கும் பொருந்தும். நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னி அது, ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

ஸ்காட்லாந்தும் பிரிட்டனும்

உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்காட்லாந்து, ஒலிம்பிக்கில் பிரிட்டன். மோவட்டின் 2023, 2025 உலகப் பட்டங்கள் ஸ்காட்லாந்துக்கு உரியவை.

நெட் ரன் ரேட் தேடுவது

13 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதும் 12 ரவுண்ட் ராபின் ஆட்டங்கள், மொத்தம் 78. முதல் ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகும், அவற்றில் முதல் இரண்டு நேராக அரையிறுதிக்கு. இரண்டு அணிகள் ஒரே வெற்றி எண்ணிக்கையில் நின்றால், புதியவர்கள் உடனே எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் கூட்டிக் கழிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கிரிக்கெட் பழக்கம். கர்லிங்கில் அந்தக் கழித்தலுக்கு வேலையே இல்லை. 10–2 என்று வென்றாலும் 6–5 என்று வென்றாலும் ஒரு வெற்றிதான்.

முதலில் அந்த அணிகள் தமக்குள் மோதியதில் யார் வென்றார் என்று பார்ப்பார்கள். அதிலும் பிரிக்க முடியாவிட்டால் டிரா ஷாட் சேலஞ்ச். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அணியின் இருவர் தலா ஒரு கல்லைப் பட்டனை நோக்கி விடுவார்கள், மையத்திலிருந்து தூரத்தை அளப்பார்கள். அன்றைய ஆட்டத்தில் முதல் ஹேமர் யாருக்கு என்பதும் இதில்தான் முடிவாகிறது. ஹவுஸுக்கு வெளியே போன கல்லுக்கு 199.6 சென்டிமீட்டர் என்று கணக்கு. இந்தத் தூரங்களின் சராசரிதான் பட்டியலில் கடைசியாக நிற்கும் அந்தப் புரியாத எண். சிறிய எண் நல்லது. அதைப் பெரியது நல்லது என்று எடுத்துக்கொண்டு ஆறாவது, ஏழாவது இடங்களை மாற்றி எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். ஓர் அணியைத் தவறாக வீட்டுக்கு அனுப்பிவிட்ட பட்டியல் அது.

2020

சாம்பியன் கிடையாது, கிளாஸ்கோ ஆடவர் போட்டியும் பிரின்ஸ் ஜார்ஜ் மகளிர் போட்டியும் ரத்தாயின.

ஆடவர் ஊரும் மகளிர் ஊரும்

1989 முதல் 2004 வரை இரண்டு போட்டிகளும் ஒரே இடத்தில் ஒன்றாக நடந்தன. 2005 முதல் தனித்தனி. 2023-இல் மகளிர் சான்ட்விகனில், ஆடவர் ஒட்டாவாவில். 2021-இல் மட்டும் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் இரண்டும் கால்கரியில், அப்போதும் வெவ்வேறு வாரங்களில். பழைய பட்டியலை வைத்து எழுதும்போது 2004-க்கு முன், பின் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிக் கட்டத்தில் 'எக்ஸ்'

ஸ்கோர் வரிசையின் கடைசிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' இருந்தால் அது பூஜ்யம் கிடையாது. தோற்கும் அணி கைகுலுக்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது என்று பொருள். அல்லது, மீதமுள்ள கற்களைக் கொண்டு ஈடுகட்டவே முடியாத நிலை வந்து ஆட்டம் நின்றது என்று பொருள். நேரம் பார்த்துக் கைகுலுக்குவது இந்த ஆட்டத்தில் மரியாதையாகக் கருதப்படுகிறது. "பாதியில் வெளியேறினர்" என்று எழுதி அவர்களை அவமதிக்காதீர்கள்.

கலப்பு இரட்டையருக்கு இதே கணக்கைப் போடுவது

அங்கே 8 எண்டுகள். எண்டு பூஜ்யமானால் ஹேமர் கைமாறிவிடும். அதனால் அந்தப் போட்டியில் வேண்டுமென்றே பிளாங்க் செய்ய யாரும் விரும்புவதில்லை. மேலே சொன்ன பென்சில் முறையை அப்படியே கொண்டுபோனால் இரண்டாம் எண்டிலேயே தடம் புரளும்.