கார் ஆயில் மாற்ற மாதம் 250 ரூபாய்: நான் போடும் கணக்கு

போன வருடம் ஆடி மாதம் காரை சர்வீஸுக்கு விட்டேன். ஆயில் மாற்ற 2,000 ரூபாய் ஆகும் என்று எடுத்துவைத்திருந்தேன். சாயங்காலம் வந்த பில் 4,640. மச்சானிடம் கைமாத்து வாங்கித்தான் வண்டியைக் காட்பாடிக்கு ஓட்டி வந்தேன். அன்று ராத்திரி பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் பிறந்தது இந்தக் கணக்கு.

படி 1: காரோடு வந்த கையேட்டில் மூன்று விஷயம் பாருங்கள். எந்த கிரேடு ஆயில் (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண்), எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை. என் 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு 0டபிள்யூ-20, பில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர், 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்? நான் கவிழ்ந்தது இங்கேதான். வேலூரில் எனக்கு வீடு காட்பாடி, ஆபீஸ் பாகாயம். போக வர சுமார் 24 கி.மீ., மாதம் 25 நாள், ஆக 600. பத்தாயிரத்தை 600-ஆல் வகுத்தால் 16 மாதத்துக்கு மேல் வந்தது. சரி, நிறைய நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இதில் தப்பு இரண்டு. 12 மாதக் கெடு ஒன்று இருப்பதையே மறந்தேன். ஓட்டமும் 600 இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போய் வர 165 கி.மீ.க்குக் குறையாது, சென்னையில் மகளைப் பார்க்கப் போய் வர 280. இதெல்லாம் 'எப்பவாவது போறதுதானே' என்று கணக்கில் சேராமலே போயின.

அதனால் மனக்கணக்கு வேண்டாம். இன்றைக்கு மீட்டரில் இருப்பதை எழுதிவையுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எனக்கு 42,310 என்பது 45,400 ஆகியிருந்தது. 3,090-ஐ மூன்றால் வகுத்தால் மாதம் 1,030. பத்தாயிரம் ஓட பத்து மாதம்கூட ஆகாது. நான் ஒன்பது என்று வைத்துக்கொண்டேன். குறைவாக ஓட்டுகிறவர்கள் 12 என்றே போடுங்கள். வண்டி நின்றிருந்தாலும் ஆயில் பழசாகும்.

படி 3: ஆயில் விலையை மட்டும் எழுதாதீர்கள். போன தடவை தெரிந்த மெக்கானிக்கிடம் எனக்கு ஆனது இது: 3.5 லிட்டர் கேன் 1,750, பில்டர் 130, டிரெயின் நட்டு (பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் அடி நட்டு) வாஷர் 15, கூலி 300. மொத்தம் 2,195. ஒரு லிட்டர் கேனாக வாங்கினால் நான்கு வாங்கவேண்டும், விலை ஏறும். புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இலவச சர்வீஸில் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் பில்டருக்கும் காசு உண்டு.

அந்த 4,640 எப்படி வந்தது? இன்ஜின் பிளஷ் (இன்ஜின் உள்ளே கழுவும் திரவம்), ஏசி கிருமிநீக்கம், ஏதோ ஒரு பூச்சு. மூன்றும் நான் கேட்காதவை. ஆயிலும் 4 லிட்டர் என்று போட்டிருந்தது. 3.1 பிடிக்கிற இன்ஜினில் 4 எங்கே போகும்? எந்த சர்வீஸ் சென்டர் என்று சொல்லப்போவதில்லை. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலைகளை அவர்கள் எழுதும் சீட்டு) 'கேட்காமல் எதுவும் சேர்க்கக் கூடாது' என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 4: 2,195-ஐ ஒன்பதால் வகுத்தால் 244. மாதம் 250. இதற்குப் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடலாம் என்று போய் நின்றேன். அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. பேங்க் ஆர்.டி. குறைந்த மாதங்களுக்கும் கிடைக்கும். ஆனால் செயலி, எக்செல் எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சாதாரணக் கவர்தான். சம்பளம் வந்த அன்றே 250 போட்டு, மேலே அன்றைய மீட்டர் எண்ணை எழுதிவிடுவேன். பணமும் ஓட்டமும் ஒரே இடத்தில் இருக்கும்.

படி 5: மாற்றும் நாள். பக்கத்தில் நில்லுங்கள். முதல் தடவை நான் டீ குடிக்கப் போய்விட்டேன், வந்து பார்த்தால் கேன் காலி. முழு மூன்றரையும் உள்ளே போயிருந்தது. டிப் ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அளவு மிஞ்சினால் இன்ஜினுக்குள் கிராங்க் தண்டு சுற்றும் வேகத்தில் ஆயில் நுரைத்துப்போகும், அப்புறம் உயவு சரியாக நடக்காது. மறுபடி நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்க வேண்டியதாயிற்று. இப்போது கேனின் பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து, 'அண்ணே, மூணோட நிறுத்துங்க' என்று சொல்லிவிடுவேன். ஒரு நிமிடம் இன்ஜினை ஓட்டி அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு ஸ்டிக்கைப் பார்த்துத்தான் மீதி. மிஞ்சும் 400 மில்லி டாப் அப்புக்கு டிக்கியில் இருக்கும்.

பின்சேர்க்கை 1: 'வேலூர் வெயிலுக்கு இந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்கு, 20டபிள்யூ-50 ஊத்திக்கலாம்னு மெக்கானிக் சொல்றார்' என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். கத்திரி வெயிலானாலும் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட்டும் கூலண்டும் இருக்கின்றன. கையேட்டில் அனுமதித்த கிரேடுகளை விட்டு வெளியே போகாதீர்கள். வெயிலைவிட வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிறவர்கள்தான் கவலைப்படவேண்டும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்குக் கையேட்டில் தனி அட்டவணை இருந்தால் அந்தக் கிலோமீட்டரை வைத்து வகுங்கள்.

பின்சேர்க்கை 2: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உங்கள் பில்டர் பில்லில் 28 என்று இருந்தால் கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: காலிக் கேனை அப்படியே விட்டு வராதீர்கள். போலி ஆயில் அடைக்க அசல் கேனைத்தான் தேடுகிறார்கள். நான் ஸ்குரூ டிரைவரால் அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.