பசங்கள கூட்டிட்டு மாட்டுப்பொங்கலுக்கு தோட்டத்துக்கு போறீங்களா? மொதல்ல இதெல்லாம் ரெடி பண்ணிக்குங்க

காங்கேயம் பக்கம் எங்க வீட்டுக்காரர் தோட்டத்துல வருசா வருசம் மாட்டுப்பொங்கலுக்கு பங்காளிங்க மொத்தமும் கூடுவாங்க, பெருசு சிறுசு சேத்தா 40 தலை, பாத்ரூம் ரெண்டே ரெண்டு. மொத தடவ பொண்ணுக்கு நாலு வயசு, ஒரு யோசனையும் இல்லாம தூக்கிட்டு போயிட்டேன், ரெண்டாம் நாளே வீட்டுக்கு போலாம்மான்னு ஒரே அழுகை. இப்ப அவளுக்கு ஒம்பது, தம்பிக்கு அஞ்சு, திரும்பி வர்றப்பதான் அழுவுறாங்க. நடுவுல நான் கத்துக்கிட்டது இதுதான்.

ஸ்டெப் 1: டிக்கெட். ட்ரெயின் ரிசர்வேசன் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகுது, பொங்கல் டைம்ல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தீந்துடும். 5 வயசு ஆகாத குழந்தைக்கு தனி பெர்த் கேக்கலன்னா டிக்கெட்டே வேண்டாம், 5ல இருந்து 11 வரைக்கும் பெர்த் இல்லாம பாதி காசு, பெர்த் வேணும்னா முழுக்காசு. ஈரோட்லயோ திருப்பூர்லயோ எறங்கி பஸ் புடிச்சுக்கலாம்.

ஸ்டெப் 2: உறவுமுறை. இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஏதாவது கல்யாண போட்டோவ எடுத்து வச்சு, இவர் யாரு, இவர எப்படி கூப்படணும்னு தெனமும் நாலு முகம் சொல்லிக் குடுங்க. எம்பொண்ணு அவங்கப்பாவோட ஒண்ணுவிட்ட அண்ணன அங்கிள்னு கூப்ட்டுட்டா, அவர் மொகம் சுருங்கிப் போச்சு, "அங்கிளா? நா உனக்கு பெரியப்பன் சாமி"ன்னார். அவள விட ஒரே வயசு மூத்த பையன் ஒருத்தன் அவளுக்கு சித்தப்பா முறை வேற, அவன நாள் பூரா சித்தப்பா சித்தப்பான்னு கூப்ட்டு சிரிச்சே அந்த கூட்டத்துல ஒட்டிக்கிட்டா.

ஸ்டெப் 3: பை. மூடுன ஷூ கட்டாயம். கொறங்காடு, அதாவது மாடு மேய விடற காடு, அது பூரா வெள்வேல முள்ளு, சுத்தியும் கிளுவை வேலி, சாதா செருப்பு எல்லாம் தாங்காது, முள் எடுக்க ஊக்கு ஒண்ணும் வச்சுக்குங்க. தை மாசப் பனிக்கு ஸ்வெட்டர், டார்ச், ஓஆர்எஸ், கொசுவுக்கு க்ரீம். புது டிரஸ் ஒண்ணு போதும், மிச்சம் எல்லாம் சாணி பட்டா பரவால்லங்கற மாதிரி பழசு.

ஸ்டெப் 4: கிணறு. எறங்குன உடனே காபி குடிக்க உக்காராதீங்க, பசங்கள கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. கிணறு, மோட்டார் ரூம், பூச்சி மருந்து பாட்டில் வைக்கற எடம் மூணையும் காட்டிருங்க. எங்க கிணத்துக்கு ஒரு பக்கம் சுவரே கெடையாது, அதனால பக்கத்துல இருக்கற தென்னை மரத்துல பழைய செவப்பு சேலை ஒண்ண கட்டிருவேன், பெரியவங்க இல்லாம அந்த மரத்த தாண்டக்கூடாதுன்னு கண்டிசன். ஆனா ரூல் மட்டும் பத்தாது. 40 பேர் இருக்கற எடத்துல யாராவது பாத்துக்குவாங்கன்னு எல்லாரும் நெனப்பாங்க, கடைசீல ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அதனால ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு டூட்டி போட்டோம், டூட்டில இருக்கறவர் தோள்ல ஒரு மஞ்சத் துண்டு இருக்கும், அடுத்தவர் கைல துண்ட குடுக்காம அவர் நகரக்கூடாது. பெரிய மாமனாரே துண்டு போட்டுக்கிட்டு நின்னாருன்னா பாத்துக்குங்க.

டிராக்டர் மட்கார்டுல ஒக்கார வச்சு ரவுண்டு அடிக்கறது வேண்டவே வேண்டாம், யார் கோவிச்சாலும் சரி. வெறகு அடுக்கு, கல்லு குமிச்ச எடத்துல கை விட வேண்டாம்னு சொல்லி வைங்க. பாம்பு கடிச்சா கீறறது, இறுக்கிக் கட்டறது எல்லாம் கூடாது, கைகால ஆட்டாம வச்சுட்டு 108க்கு போன் பண்ணி நேரா ஜிஎச்தான். நாய் கடிச்சா சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிசம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போட்ருங்க.

ஸ்டெப் 5: மாடு கன்னு. காங்கேயம் கன்னுக்குட்டி பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் போல ஆச்சுன்னா கலர் மாறி சாம்பலாயிடும், இத சொன்னா பசங்க கட்டுத்தரைய விட்டு நகர மாட்டாங்க. கன்னு போட்ட மாட்டுகிட்ட மட்டும் தனியா விடாதீங்க. மாட்டுப்பொங்கல் அன்னிக்கு சாயந்தரம் பட்டிப்பொங்கல், சாணில கரை கட்டி சின்னதா தெப்பக்குளம் செய்வாங்க, அந்த வேலைய அப்படியே பசங்ககிட்ட குடுத்துருங்க. மொதல்ல ச்சீன்னாங்க, பத்தே நிமிசத்துல முழங்கை வரைக்கும் சாணி. ஆவாரம்பூ வச்சு தண்ணி ஊத்தி, பூசை முடிஞ்சு மாட்ட அது மேல தாண்ட விடறப்ப "பட்டி பெருக, பால் பானை பொங்க"ன்னு எல்லாரும் கத்துவாங்க, அதுல எம்பையன் சத்தம்தான் ஜாஸ்தி.

ஸ்டெப் 6: சாப்பாடு. பெருசா கவல வேண்டாம், அரிசிம்பருப்பு சாதத்துல நெய் விட்டா எந்தக் குழந்தையும் சாப்புடும். கறந்த பால அப்படியே குடுக்க ஆத்தாக்கள் ஆசப்படுவாங்க, காச்சிட்டு குடுங்கன்னு பக்குவமா சொல்லிருங்க. ஒப்புட்டுக்கு (போளிதான்) மட்டும் கணக்கு வைங்க, எம்பையன் அஞ்சு தின்னுட்டு ராத்திரி பூரா வயித்துவலி.

ஸ்டெப் 7: கெளம்பறதுக்கு முன்னாடி பசங்க பையத் தொறந்து பாருங்க. போன வருசம் எம்பையன் பைல காஞ்ச வரட்டி ஒண்ணு, புது சட்டைல சுத்தி வச்சிருந்தான். ஸ்கூல் மிஸ்ஸுக்காம்.